மஞ்சள் கோட்டுக்கு ஒரு மிதி

ஜூன் 2

தூத்துக்குடி மாநகரம் மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டது. வரலாற்றில் பதிவாக வேண்டிய செய்தி என்பதால் இன்றுமுதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். மீன்கார அம்மா வாயை மட்டும் அசைக்கிறாள். பஸ் கண்டக்டர் டிக்கெட்டை ரகசியம்போலக் கேட்கிறார். என் தங்கை ரெஜினாள் பிறந்தபோது அழுத அழுகையில் கலங்கரை விளக்கமே ஒரு நிமிடம் அணைந்து எரிந்தது. அப்பேர்ப்பட்டவள் கீழ்வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவது இப்போதெல்லாம் மாடிக்கு எட்டுவதில்லை. இன்றும் ஆறிப்போன தோசைதான்.

இரண்டாவது செய்தி: என் ரெக்கார்டு பிளேயரின் ஊசி தேய்ந்துவிட்டது. லூயெல்லா க்ரேன் பக்கத்துத் தெருவில் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது. ஊசி மாற்ற வேண்டும்.

ஜூன் 5

புது ஊசி போட்டாயிற்று. லூயெல்லா இப்போது பக்கத்து ஊரில் நின்று பாடுகிறாள்.

ஜூன் 6

கோளாறு ஆம்பிளிஃபயரில். முழுக்கத் திருகி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் டெலஸ்போர் படியேறி வந்தான். ரெஜினாளின் கணவன். ஐஸ் கம்பெனி மேனேஜர். உடம்பு பெரிது, இசை அறிவு அதற்கு நேர்மாறு. வந்தவன் என் எதிரே நின்று வாயை வாயை அசைத்தான்.

"ஏலே மாப்ள, ஏன் முணுமுணுக்க? ஆம்பளையா லட்சணமாப் பேசு!"

அவன் பிளேயரை அணைத்துவிட்டு, என் காதருகே வந்து கத்தினான். "மச்சான், நாலு வீட்டுக்காரங்க வாசல்ல நிக்காங்க! நாய் ஒண்ணு கெணத்துக்குள்ள இறங்கிருச்சு!"

நாய் கிணற்றில் இறங்கியது பொய். இந்தக் குடும்பத்தில் மிகைப்படுத்தும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு. அவன் அதைத் திருடியிருக்கிறான்.

ஜூன் 9

இந்தக் குறிப்பேட்டைப் பிற்காலத்தில் ஆராயப்போகும் அறிஞர்களுக்காகச் சில அடிப்படைத் தகவல்கள்.

நான் பெர்க்மான்ஸ் மோத்தா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பாதி உலகத்தை வானத்தில் தூக்கி மறுபடி பத்திரமாக இறக்கி வைத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருந்திய பெண்கள் மணப்பாடு முதல் மன்னார் வரை உண்டு. தங்கை வீட்டு மாடியில், பலகை பாவிய அறையில் வாசம். தூத்துக்குடி சோல் இசைப் பேரவையின் நிரந்தரத் தலைவர் நான். செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாமும் நானே.

சோல் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: கோயிலில் அழுகிற அழுகையையும் காதலியிடம் அழுகிற அழுகையையும் ஒரே தொண்டையில் அழுவது. கறுப்பின மக்கள் அமெரிக்காவில் உண்டாக்கியது. அதன் மகாராணி லூயெல்லா க்ரேன். அவள் ஆறு ஆல்பம் பாடினாள், போதும் என்றாள், போய்விட்டாள். ஆறும் என்னிடம் உண்டு. கப்பல் சமையல்காரர்களிடம் வறுத்த முந்திரியும் கருவாடும் கொடுத்து வாங்கியவை. ஆங்கிலப் பெயர்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் அட்டைப் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். சிவப்புக் கதவு, ரயில் நிலையம், மழை ஜன்னல், கோயில் பாட்டு, மொட்டைத் தலை, மஞ்சள் கோட்டு.

ஆறில் சிறந்தது சிவப்புக் கதவு. இதில் விவாதத்துக்கு இடமில்லை. முப்பது வயலின், ஒரு பெண்ணின் துக்கம். அதைக் கேட்டுக்கொண்டே ஒருமுறை கிரேனில் சிமெண்டுக்குப் பதிலாக கஸ்டம்ஸ் அதிகாரியின் ஜீப்பைத் தூக்கிவிட்டேன்.

ஜூன் 14

மருமகள் ஜெனிட்டா, தங்கச்சி மகள், "மாமா, மதுரைக்குப் போய்ப் பட்டு எடுக்கணும், உங்க ரசனை வேணும்" என்று போனில் தட்டிக் காட்டினாள். என் ரசனை ஊரறிந்தது என்பதால் உடனே கிளம்பினேன். பஸ் இறங்கினால் ஜவுளிக்கடை இல்லை, காது ஆஸ்பத்திரி. இந்தப் பெண் ஒருநாள் பிரதமர் ஆவாள்.

டாக்டர் பார்த்தார். வலது காதைக் கிரேன் எஞ்சின் எப்போதோ சாப்பிட்டுவிட்டதாம். இடதும் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறதாம். சாதாரண விஷயம். அடுத்த அறையில் நிலோஃபர் என்ற பெண், கேட்புப் பயிற்சி கொடுப்பவள், எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். புரியாததை ஜெனிட்டா தட்டிக் காட்டினாள்.

"ஆபரேஷன் பண்ணி, காதுக்குள்ள ஒரு மெல்லிசான கம்பி வைப்பாங்க சார். வெளிய ஒரு மெஷின். அது சத்தத்தை மின்சாரமா மாத்தி நரம்புக்குக் கொடுக்கும். முதல்ல எல்லாமே தகர டப்பா மாதிரிதான் இருக்கும். மூளை பழகணும்."

"பாட்டு?"

"பேச்சு முதல்ல வரும். பாட்டு ரொம்பக் கஷ்டம். சில பேருக்கு வராமலே போகும்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நன்றாக வளர்ந்திருந்தது.

"ஆனா ஒரு வழி இருக்கு சார். நல்லாத் தெரிஞ்ச பாட்டுன்னா ஞாபகம் கை கொடுக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாடகர் யாரு? அவங்க ஆல்பத்துல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோங்க. இருக்கிற காதை வச்சு இப்பவே கேட்டு உள்ள ஏத்துங்க. மெஷின் போட்டப்புறம் தினமும் அதையே கேளுங்க. புதுக் காது பழைய ஞாபகத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கும்."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. பழகாதவங்க நிறைய பேர் மெஷினைக் கழட்டி அலமாரியில வச்சிடறாங்க."

என் அலமாரியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 17

எவ்வளவு விசித்திரமான கேள்வி! ஆறில் எது பிடிக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு மணி நேரச் சொற்பொழிவு தயாராக இருக்கிறது. ஆறில் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பேரவை பொதுத்தேர்தல் அறிவித்துவிட்டது. வேட்பாளர் ஆறு பேர். ஒவ்வொருவரையும் ஒரு நாள் முழுக்க ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்பது என்று தீர்மானம்.

ஜூன் 21

ரயில் நிலையம் டெபாசிட் இழந்தது. மழை ஜன்னல் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி. கோயில் பாட்டில் கைதட்டல் அதிகம். ஆள் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று சந்தேகம். மொட்டைத் தலைக்கு அனுதாப அலை வீசியது, ஆனால் வாக்காக மாறவில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். கேட்காத இடங்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். எங்கே அவள் பாடுகிறாள், எங்கே நான் பாடுகிறேன் என்று பிரிக்க முடியவில்லை. ஊசியை நடுவில் தூக்கிப் பார்த்தேன். பாட்டு கொஞ்ச தூரம் தானாகவே ஓடியது.

ஜூன் 22

டெலஸ்போர் மேலே வந்து, ரெக்கார்டு அடுக்கைத் தொடாமல் தூரத்திலிருந்து கையை நீட்டினான். தொடக் கூடாது என்பது ஜெனிட்டாவின் ஞானஸ்நானத்திலிருந்து அமலில் இருக்கும் சட்டம்.

"மச்சான், மஞ்சள் கோட்டை எடுங்க." நான் உதட்டைப் பார்ப்பதைப் புரிந்துகொண்டு பாலர் பள்ளி டீச்சர்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அது சோலா? அது குத்தாட்டம். மகாராணி வாடகை கட்டுறதுக்காகப் பாடுனது."

"நம்ம வீட்டுல எல்லாருக்கும் அதுதான் தெரியும்."

"நாசமாக்குன உனக்குத் தெரியாம இருக்குமா?"

அறிஞர்களுக்கு விளக்கம்: ஞானஸ்நான விருந்தன்று இந்த மனிதன் மஞ்சள் கோட்டுக்கு ஆடினான். ஆட்டத்தில் மேஜை நகர்ந்தது. முதல் பக்கம், மூன்றாவது பாட்டில் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் ஊசி சிக்கிக்கொள்ளும். மகாராணி ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டே இருப்பாள். யாராவது பலகைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தால்தான் ஊசி தாண்டும். அன்று அவன் மிதித்தான். பிறகு அதுவே சடங்காகிவிட்டது. கிறிஸ்துமஸா, புதுநன்மையா, நிச்சயதார்த்தமா, எல்லோரும் மாடிக்கு ஏறுவார்கள். மஞ்சள் கோட்டு சுற்றும். சிக்கியதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டெலஸ்போர் காலைத் தூக்குவான். மிதிப்பான். தகரக் கொட்டகைமேல் யானை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதன்மேல் எல்லோருடைய கூச்சல். அமெரிக்காவில் யாரோ பாடிய பாட்டுக்கு எங்கள் வீட்டு மிதி ஒன்று இடைச்செருகல் ஆகிவிட்டது. இசை உலகின் மீது நடந்த மாபெரும் படையெடுப்பு இது.

தேர்தல் முடிவு: சிவப்புக் கதவு. ஏகமனதாக.

ஜூலை 10

சிவப்புக் கதவு. சிவப்புக் கதவு. சிவப்புக் கதவு.

ஜூலை 22

நாளை ஆபரேஷன். சிவப்புக் கதவின் கடைசிப் பாட்டு ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. பிறகு ஜெனிட்டா வந்து பிளேயரை அணைத்தாள். அது முடிந்து நெடுநேரம் ஆகியிருந்ததாம்.

ஜூலை 26

தலையில் கட்டு. மகாராஜா கிரீடம் மாதிரி இருக்கிறது என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன். மெஷினை இணைக்க இன்னும் சில வாரம் ஆகுமாம். அதுவரை ஆபரேஷன் செய்த இடது காதில் மிச்சமிருந்ததும் இல்லை.

இன்று மாதா கோயில் கொடியேற்றம். மாடியிலிருந்து பார்த்தேன். வானத்தில் வெடிகள் பூத்தன. துறைமுகத்தில் எல்லாக் கப்பலும் ஊதியிருக்கும். சத்தம் இல்லாத கொடியேற்றத்தை முதன்முதலாகப் பார்த்த மனிதன் நான்தான். கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாக எழுந்தன. அவற்றுக்குக் கேட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 18

மெஷினை இணைத்தார்கள். நிலோஃபர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். வாய் அசைந்தது. தகர டப்பாவுக்குள் மூன்று எலிகள் ஜெபமாலை சொல்லின.

அந்த எலிகள்தான் நிலோஃபர்.

திரும்பினேன். ரெஜினாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா அழத் தயாராக நின்றாள். டெலஸ்போர் ஐஸ் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றான். நாலு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அபாரம்!" என்றேன்.

"இன்னும் கூட்டவா சார்?" என்று எழுதிக் காட்டினாள் நிலோஃபர்.

"வேண்டாம்மா. இதுவே தேவலோகம்."

ரெஜினாள் அழுதாள். அதுவும் எலிதான், கொஞ்சம் பெரிய எலி.

ஆகஸ்ட் 20

ஆச்சரியங்கள் பெருகுகின்றன. குக்கர் விசில் வாத்து மாதிரி கத்துகிறது. மிக்ஸி ஓடினால் ஊரில் உள்ள தகரக் கொட்டகைகள் எல்லாம் சண்டை போடுகின்றன. ஃபிரிட்ஜ் தனியாகப் பேசிக்கொள்கிறது. இத்தனை வருடமாக எதையோ சொல்ல முயன்றிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. என் செருப்புக்கு ஒரு சத்தம் உண்டு. தாளைத் திருப்பினால் அதற்கும் ஒன்று. காலையெல்லாம் வீட்டில் ஒவ்வொரு பொருளாகத் தட்டிப் பார்த்தேன். டம்ளர், கதவு, பூசணிக்காய். ரெஜினாள் பூசணிக்காயைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

சிவப்புக் கதவு கேட்டேன். பிரமாதம்.

ஆகஸ்ட் 27

சிவப்புக் கதவு கேட்டேன். முப்பது வயலினும் முப்பது அரவை மில்லாக மாறியிருக்கின்றன. அதற்குள் எங்கோ ஒரு பெண் இருக்கிறாள் என்று நம்புகிறேன். ஜெனிட்டாவிடம் பிரமாதம் என்றேன்.

செப்டம்பர் 4

மெஷினைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து. சார்ஜ் நன்றாக ஏறட்டும்.

செப்டம்பர் 9

மாப்பிள்ளையோடு தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு. விவரங்கள் வரலாற்றுக்குத் தேவையில்லை.

செப்டம்பர் 10

தேவைதான் என்று தோன்றுகிறது.

நேற்று சாயங்காலம் மெஷினைத் தலையில் மாட்டிக்கொண்டு சிவப்புக் கதவைச் சுழலவிட்டு உட்கார்ந்தேன். டெலஸ்போர் வந்து மூலையில் இருந்தான். ரசிகன் ஒருவன் கிடைத்துவிட்டானே என்று நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, வயலின்கள் எழும் இடத்தில் கையைத் தூக்கி நடத்தினேன். "ஆகா, இந்த இடம்! இந்த இடத்துல அவ தொண்டையைக் கவனி மாப்ள!" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அவன் முகம் விழுந்துபோய் இருந்தது.

"எப்ப பிடுங்குன?" என்றேன்.

சுவர்க் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினான். *ரெண்டாவது பாட்டுலேயே. மன்னிச்சுக்கோங்க மச்சான். ஒண்ணுமே கேக்கலியா?*

"கேக்கும்ல. எல்லாம் கேக்கும். எதுவும் அதுவா இல்ல."

அவன் பிளக்கைத் திரும்பச் செருகவில்லை. ரெண்டு பேரும் ரெக்கார்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு எழுதினான். *அந்தப் பொண்ணுகிட்டே நெசத்தைச் சொல்லுங்க.*

செப்டம்பர் 12

மதுரை. நிலோஃபர் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் கூட்டணும் குறைக்கணும். நீங்க தேவலோகம்னு சொன்னா நான் அப்படியே விட்டுருவேன். இத்தனை நாளும் பாதி சத்தத்துலதான் இருந்திருக்கீங்க!"

உலக வரலாற்றில் பாராட்டியதால் செவிடானவன் நான் ஒருவன்தான்.

ஜெனிட்டா குறுக்கே வந்து எழுதினாள். *மாமா, இனிமே வர்ணிக்கக் கூடாது. பத்துக்கு எத்தனைன்னு மார்க் மட்டும் போடுங்க.*

என் வாழ்நாளில் எனக்கு விதிக்கப்பட்ட கொடூரமான தண்டனை. நிலோஃபர் தட்டினாள். "ஒண்ணரை." தட்டினாள். "ரெண்டு." தட்டினாள். எலிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஒன்று மட்டும் மிஞ்சி, "இப்ப சார்?" என்று கேட்டது. நான் உதட்டைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு," என்றேன். ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எந்த ஆல்பம் என்று கேட்டாள் நிலோஃபர். முப்பது வயலின் என்றதும் தலையாட்டினாள். "இந்த மெஷினுக்கு வயலின் கூட்டம் ஆகாது சார். தாளம்தான் முதல்ல பிடிபடும். தாளம் பலமா, வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதா ஏதாவது இருக்கா?"

"கிடையாது," என்றேன் உடனே.

ஜெனிட்டா மின்விசிறியை உன்னிப்பாகப் பார்த்தாள்.

செப்டம்பர் 25

சிவப்புக் கதவு. ஜெயித்த வேட்பாளரிடம் இன்னும் ராஜினாமா கேட்கவில்லை. கேட்க எனக்கே முகம் இல்லை. அதுதான் சிறந்தது என்று நாற்பது வருடம் மேடை போட்டுப் பேசியவன்.

பேச்சு மெல்லத் திரும்புகிறது. இன்று மீன்கார அம்மா "சாளை" என்றாள். சாளை என்றே கேட்டது. ஊரே பார்க்கும்படி வாங்கினேன். ரெஜினாள் இவ்வளவு சாளையை என்ன செய்வது என்று கேட்டாள், அதுவும் கேட்டது.

அக்டோபர் 12

இன்று ரெஜினாள், டெலஸ்போர் கல்யாண நாள். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். யாரும் பிளேயர் பக்கம் பார்க்கவில்லை. எனக்காகப் பார்க்காமல் இருந்தார்கள். அது தாங்க முடியாத மரியாதை.

ஜெனிட்டா சமாதானமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் மஞ்சள் கோட்டைத் தேடி எடுத்து, சின்ன ஸ்பீக்கரில் போட்டாள். எனக்குக் கஞ்சி கொதிப்பது மாதிரி இருந்தது. மற்றவர்கள் ஆடினார்கள். மூன்றாவது பாட்டு வந்தது. டெலஸ்போர் காலைத் தூக்கினான். பாட்டு சிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு அதன்பாட்டுக்குப் போய்விட்டது. அவன் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றான். படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்து ஏமாந்தவர்கள்போல மொத்தக் குடும்பமும் ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

"இது நம்ம பாட்டு இல்ல," என்றாள் ரெஜினாள்.

நான் எழுந்தேன்.

"ஏலே மாப்ள. அடுக்குல அடியில இருக்கு. எடு."

அவன் என்னைப் பார்த்தான். "நானா?"

"உன் கையில எண்ணெய் ஒண்ணும் இல்லியே? எடு."

வேட்டியில் கையை இரண்டுமுறை துடைத்துக்கொண்டு எடுத்தான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி கொண்டுவந்து வைத்தான். ஊசி இறங்கியது. முதல் பாட்டு இரைச்சல். இரண்டாவது இரைச்சல், ஆனால் ஒழுங்காக அடிக்கிற இரைச்சல். மூன்றாவதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. கண்ணை மூடவில்லை. கையை ஆட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அது திரும்ப வந்தது. ஒரு துண்டு. மறுபடி அதே துண்டு. மறுபடி அதே. உலகத்தில் இந்த ஒன்று மட்டும்தான் இப்படி வரும். வேறு எந்த ஊர் லூயெல்லாவும் இப்படிச் சிக்க மாட்டாள்.

மிதித்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. பலகை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. ஊசி தாண்டியது. அடுத்த வரி எதுவென்று எனக்குத் தெரியும், ஆகவே அது வரியாகவே வந்தது. குரல் எலிக் குரல்தான். ஆனால் சரியான இடத்தில் மூச்சு வாங்கி, சரியான இடத்தில் இழுத்து, லூயெல்லா க்ரேன் மாதிரியே பாடத் தெரிந்த எலி. பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் கூடவே நடந்துவிடலாம். பாட்டு முடியும்வரை நடந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது டெலஸ்போர் அறை நடுவே நின்றான். மிதிக்கத் தூக்கிய கால் இன்னும் அந்தரத்தில் இருந்தது. அதை மெதுவாக, சத்தம் வராமல், தரையில் வைத்தான்.

"எத்தனை மார்க் மச்சான்?" குரல் உடைந்திருந்தது. உடைந்த குரலுக்குத் தனிச் சத்தம் உண்டு என்பதை இன்று தெரிந்துகொண்டேன்.

"நாலு."

"நாலுதானா!"

"நாலரை. அரை உனக்கு. கீறலுக்கு."

அக்டோபர் 13

பேரவையின் அவசரக் கூட்டம். சென்ற தேர்தலில் தலைவரே வாக்குச்சாவடியைக் கைப்பற்றியது நிரூபணமானதால் முடிவு ரத்து. லூயெல்லா க்ரேனின் ஆறு ஆல்பங்களில் மஞ்சள் கோட்டு, கீறலோடும் மிதியோடும் சேர்த்து, முதலிடம். கீறல் இல்லாத பிரதிகள் போலி என அறிவிக்கப்படுகின்றன. உறுப்பினர் எண்ணிக்கை இரண்டாகிறது. மிதிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு நிலுவையில் உள்ளது; புது உறுப்பினர் கடுமையாக வாதாடுகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து ரெஜினாள் கூப்பிட்டாள். இறங்கிப் போனேன்.

தோசை சூடாக இருந்தது.